ஒன்பதரை மணி வெளிச்சம்

ஒன்பதரைக்குத்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று நேற்று போனில் தாரணியிடம் சொல்லிவிட்டேன். எந்த இடத்தில் என்று கேட்டாள். காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இடமே தெரியாமல் வெளிச்சத்துக்கு நேரம் குறித்தவன் இந்த மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்காரரிடம், ஸ்டுடியோ நாகேந்திரனிடம், வளர்மதியிடம் சொன்னதற்கு அளவே இல்லை, ஆனால் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் பொய் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ள ஊரில் எந்த இடம், எந்த நேரம், எந்தப் பக்கம் திரும்பி நின்றால் முகம் தெளியும், எந்தப் பக்கம் திரும்பினால் மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து பெண்ணுக்கும் மீசை முளைக்கும் என்று முன்கூட்டியே போய்ப் பார்த்துச் சொல்வது. முன்பெல்லாம் படமும் நானேதான் எடுத்தேன். கை நடுங்க ஆரம்பித்ததும் கேமரா நாகேந்திரனிடம் போய்விட்டது, இடம் பார்க்கிற வேலை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஸ்பாட் அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள். பூபாலன் என்று ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தாரணி என் மகள். பதினெட்டு வருஷமாக அவளும் அவள் அம்மா வளர்மதியும் சென்னையில் இருக்கிறார்கள், நான் இங்கே இருக்கிறேன். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருநெல்வேலி. அங்கே முகூர்த்தச் சேலை எடுக்கப் போனவள் இன்று காலை மாப்பிள்ளையோடு காரில் சென்னை திரும்புகிறாள். நீங்கதானேப்பா இந்த ஊர்ல நல்ல இடமெல்லாம் தெரிஞ்சவங்க, காலைல ரெண்டு மூணு இடம் போட்டோ அனுப்புங்க, எட்டரைக்கு வந்துருவோம், பத்து நிமிஷத்துல எடுத்துட்டுக் கெளம்பிருவோம், என்றாள். பத்து நிமிஷம் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் வாய் தன்பாட்டுக்கு ஒன்பதரை என்று சொல்லிவிட்டது. எனக்கு வேண்டியது ஒரு மணி நேரம். வெளிச்சம் வரட்டும், உட்காரும்மா என்று சொல்லி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள ஒரு மணி நேரம். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். பொட்டில் அடித்த மாதிரி சொல்ல எனக்கு வராது, சுற்றி வளைத்துத்தான் வரும், அதற்கு நேரம் பிடிக்கும். கல்யாண மண்டபத்தில் அது நடக்காது, அங்கே தாரை வார்த்துக் கொடுக்கப்போவது அவள் தாய்மாமன், நான் நாலாவது வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்காரப்போகிற ஆள். அதற்கப்புறம் அவர்கள் ஹாலந்துக்கோ எங்கோ போகிறார்கள். ஆக, இன்றைக்கு விட்டால் இல்லை. பொய்யைச் சொல்லியாயிற்று, அதற்குப் பொருத்தமான இடத்தைத் தேடிக்கொண்டு ஆறு மணிக்கு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன்.

வண்டி பழக்கத்தில் தெப்பக்குளத்துக்குத்தான் போயிற்று. கிழக்குக் கரையில் நிறுத்தினேன். இந்தக் குளத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், மாசி மாதத்தில் ஆறரையிலிருந்து ஏழேகால் வரை, கிழக்குக் கரையிலிருந்து மேற்கே பார்த்து, நடு மண்டபம் தலைக்குப் பின்னால் வராமல் தோளுக்கு அடுத்து வரும்படி நிற்க வேண்டும். ஏழரைக்குத் தண்ணீர் தகரம் மாதிரி பளபளக்க ஆரம்பித்துவிடும், கண்ணைச் சுருக்காமல் ஒருவரும் நிற்க முடியாது. எட்டரைக்கு வருகிறவளுக்கு இந்த இடம் ஆகாது. ஆகாது என்று தெரிந்தும் போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. இடம் பார்க்கிறவனின் போனில் இருப்பதெல்லாம் இப்படித்தான், ஆளில்லாத படிக்கட்டு, ஆளில்லாத தூண், ஆளில்லாத மரத்தடி, நாலாயிரத்துச் சொச்சம் படம் இருக்கிறது, ஒன்றில்கூட முகம் கிடையாது. போன வருஷம் போன் கடையில் பழுது பார்த்தவர் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, சார் நீங்க ரியல் எஸ்டேட்டா என்று கேட்டார். நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், நான் ஜோடியோடு வருகிற நாளில் இந்தப் பக்கத்தை முதலில் பெருக்கி வைப்பாள். "என்னண்ணே, இன்னிக்கு ஜோடியக் காணோம்?" "வருது, வேற எடம்." "எந்தூருப் பொண்ணு?" "எம் பொண்ணுதான்." சொன்னபிறகு அந்த வார்த்தை வெளியே கேட்டதே எனக்குக் கூச்சமாக இருந்தது. பேச்சியம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள். "ஒங்களுக்குப் பொண்ணு இருக்கா? ஆத்தீ, இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொன்னதில்லையேண்ணே. நான் ஒங்களை ஒத்த ஆளுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கேன்." ஒற்றை ஆள்தான், தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லத் தோன்றியது. சிரித்து வைத்தேன். பொண்ணு என்ன படிச்சிருக்கு, மாப்பிள்ளைக்கு எந்த ஊரு, எத்தனை பவுன் என்று அடுக்கிக்கொண்டே போனாள், எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை, என்ன வேலை என்று கேட்டதற்கு கம்ப்யூட்டர் என்றேன், கம்ப்யூட்டரில் என்ன என்று அவள் கேட்காமல் விட்டாளே என்று நிம்மதியாக இருந்தது. பேசிக்கொண்டே இன்னொரு படம் எடுத்தேன், எதை எடுத்தேன் என்று சரியாகப் பார்க்கக்கூட இல்லை, இரண்டையும் தாரணிக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அனுப்பியிருக்கக் கூடாது. தெப்பக்குளத்தை அவளுக்கு நான் அனுப்பியிருக்கவே கூடாது. அங்கே எத்தனை தரம் அவளை நிறுத்தியிருக்கிறேன். ஆறு வயசு, ஏழு வயசு இருக்கும், பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு வருவாள். அப்போது ஃபிலிம் ரோல், முப்பத்தாறு படம்தான், ஒன்றுகூட வீணாக்க முடியாது, ஆகவே ஜோடி வந்து சேருவதற்குள் தாரணியை அந்த இடத்தில் நிற்க வைத்து, முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று கேமரா வழியாகப் பார்த்து, கொஞ்சம் இடது பக்கம், நாடியைத் தூக்கு, அசையாதே, எல்லாம் சரிசெய்து வைத்துக்கொள்வேன். அவளும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பாள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், சரி நகரு என்பேன். அவள் நகர்ந்துகொள்வாள். பொத்தானை அமுக்குகிற நேரம் மட்டும் அவள் அங்கே இருந்ததில்லை. அவள் சிரித்ததெல்லாம் கேமராவுக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மதுரையில் நல்ல இடம் என்று பெயர் வாங்கிய எல்லா இடத்திலும் என் மகள் நின்றிருக்கிறாள், ஒரு இடத்திலும் அவளுக்குப் படம் இல்லை. ஒரு நாள் வளர்மதி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டாள். "ஏங்க, புள்ளைய நிப்பாட்டி நிப்பாட்டி வெளிச்சம் பாக்குறீங்களே, ஒரு நாளாச்சும் அவள எடுத்தீங்களா?" எடுக்கலாம், எங்கே போகப்போகிறாள் என்றேன். அப்படித்தான் சொன்னேன், எங்கே போகப்போகிறாள் என்று. என்னுடைய தொழிலில் ஒரு சங்கடம் உண்டு, வெளிச்சம் நன்றாக இருப்பது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான், ஒரு வீட்டில் எல்லோரும் வீட்டில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். நான் வீடு திரும்பும்போது குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும், அல்லது தூங்கியிருக்கும். இதைச் சங்கடம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது பெருமை என்றுதான் நினைத்தேன். அவர்கள் ஊரைவிட்டுப் போன அன்றும் நான் வீட்டில் இல்லை. காலை ஆறு மணி பஸ் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் வளர்மதி பெட்டி அடுக்கியதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேகமே இல்லாத காலை. கேமராவை மாட்டிக்கொண்டு தெப்பக்குளத்துக்குப் போய்விட்டேன், ஜோடியொன்றும் வரவில்லை அன்றைக்கு, வேலையே இல்லை, சும்மா போய் நின்றேன். தாரணி மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தாளாம். இது வளர்மதி சொன்னதில்லை, பஸ் ஏற்றிவிட்ட மைத்துனன் பின்னால் ஒரு கல்யாணத்தில் சொன்னது. இதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு வேலை எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். வேலைக்குப் போனேன் என்றே அவள் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பாள்.

பத்துத் தூண் சந்துக்கு வந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. இங்கே வெளிச்சம் தாமதமாக இறங்கும், அது உண்மை. இரண்டு பக்கமும் ஜவுளிக்கடை மாடிகள், நடுவில் பனைமர உயரத்துக்குத் தூண்கள், சூரியன் மாடிகளைத் தாண்டிச் சந்துக்குள் எட்டிப் பார்க்கவே ஒன்பதே முக்கால், பத்து ஆகிவிடும். ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, பொய் மெய்யாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் உட்கார எங்கே இடம்? ஒன்பது மணிக்கு ஷட்டர்கள் திறக்கும், பேல் பேலாகத் துணி இறங்கும், தள்ளுவண்டியில் பருத்திப்பால்காரர் வந்துவிடுவார். பெண்ணைத் தூணடியில் நிற்க வைத்து மன்னிப்பா கேட்க முடியும்? "அண்ணே, வண்டி வருது, தூணை ஒட்டி நில்லுங்க" என்று ஒருவர் என்னை முழங்கையால் நகர்த்தினார். நகர்ந்துகொண்டேன். நாயக்கர் மகால் இருக்கிறது, ஒன்பதுக்குத்தான் கதவு திறப்பார்கள், உள்ளே கால் மடக்கி உட்கார்ந்தால் விசில் ஊதுவார்கள். கீழக்குயில்குடி தாமரைக் குளம் இருக்கிறது, ஆலமரத்தடியில் நாள் முழுக்க உட்காரலாம், ஆனால் இப்போதெல்லாம் அங்கே ஒரே நேரத்தில் நாலு ஜோடி, நாலு குடை, தலைக்கு மேலே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு பறக்கும் கேமரா, முத்தம் கொடுக்கிற மாதிரி நில்லுங்க சார், மேடம் வெக்கப்படுங்க மேடம் என்று கத்தல். என்ன பிழைப்பு இது, வெட்கத்தைக்கூடச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. அந்த இரைச்சலில் நான் வாயைத் திறந்தால் என்னையும் யாராவது சிரிக்கச் சொல்வார்கள். ஊரில் நல்ல இடம் எது என்று கேட்டால் முப்பது சொல்வேன், ஆனால் ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் உட்கார்ந்து பேச எந்த இடம் நல்லது என்று இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. எல்லா இடத்தையும் நிற்கிறவர்களுக்காகவே பார்த்திருக்கிறேன். போன் அதிர்ந்தது. தாரணி. "ஆறு மணிக்கே கிளம்பிட்டோம்பா. கோவில்பட்டி தாண்டியாச்சு. படம் பாத்தேன், செம!" அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் இரண்டு கை கும்பிடும் பொம்மை. கும்பிடு எதற்கு, மகள் அப்பாவுக்கு எதற்குக் கும்பிடு போட வேண்டும், நாகேந்திரன்கூட எனக்கு அதைத்தான் அனுப்புவான். நானும் பதிலுக்கு என்ன அனுப்புவதென்று தெரியாமல் அதையே அனுப்பினேன். அனுப்பியபிறகு முட்டாள்தனமாக இருந்தது. யானைமலைக்குப் போகலாம் என்று அப்போதுதான் தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து ரிங் ரோட்டில் சுற்றி வருகிற கார் ஒத்தக்கடையைத் தாண்டாமல் சென்னைக்குப் போகிற மேலூர் ரோட்டைப் பிடிக்க முடியாது, மலை ரோட்டை ஒட்டித்தான் படுத்திருக்கிறது. அவளுக்கும் சுற்று இல்லை. மலைக்கு மேற்கே நிழல் வெகுநேரம் தங்கும்.

எட்டு மணிக்கு மலையின் மேற்கு அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். மலையின் நிழல் வயல் வரைக்கும் நீண்டு கிடந்தது, காற்றில் இன்னும் குளிர்ச்சி இருந்தது. வழக்கமாக நாங்கள் எடுக்கிற பாறைத் திட்டு ஒன்று உண்டு, அங்கே எட்டேகாலுக்கே வெயில் வந்துவிடும், அதைத் தாண்டிப் போனேன். இந்தப் பக்கம் நான் வந்ததில்லை. மலை ஓரிடத்தில் உள்வாங்கியிருக்கிறது, ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு மண் தரை, மூன்று பக்கமும் பாறை, ஓரமாக ஒரு வேப்பமரம், அதனடியில் மூன்று பேர் தாராளமாக உட்காரும் பலகைக் கல். முதலில் நான் பார்த்தது பாசியைத்தான். கிழக்குப் பாறையின் அடியில் இடுப்பு உயரத்துக்குப் பாசி பச்சையாக இருந்தது, தொட்டால் ஈரம். வெயில் சீக்கிரம் வருகிற இடத்தில் மாசி மாதத்தில் பாசி காய்ந்து கறுத்திருக்கும். எதிரே மேற்கே இருந்த பாறையில் பாசியே இல்லை, வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. அப்படியென்றால் சூரியன் மலை முதுகைத் தாண்டியதும் முதலில் அந்த வெள்ளைப் பாறையில் விழும், அதில் பட்டுத் திரும்பி மெதுவாக இந்த மண் தரைக்கு வரும், நேர் வெயில் இல்லை, பாறை வழியாக வடிகட்டி வருகிற வெயில், முகத்தில் ஒரு கோடுகூட விழாது. மேலே ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா போனார். "அம்மா, இந்தப் பள்ளத்துக்கு வெயில் எப்ப வரும்?" "இங்கிட்டா? பள்ளிக்கூடத்துல மணி அடிச்சப்பறந்தான் எட்டிப் பாக்கும். அதான் ஆடு இங்கனக்குள்ள படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது." பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு என்றேன். "ஒம்பதரைக்கு." நான் சிரித்தேன், சத்தமாகவே சிரித்துவிட்டேன், அந்த அம்மா ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நான் சொன்னது பொய்யில்லை. ஒன்பதரைக்குத்தான் வெளிச்சம் வருகிற இடம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, இருபத்தொன்பது வருஷமாக எனக்காகக் காத்துக்கிடந்திருக்கிறது. போனை எடுத்து நாலு பக்கமும் படம் எடுத்தேன், நிழலில் எடுத்ததால் மங்கலாகத்தான் வந்தது, இப்போ இருட்டா இருக்கும், ஒன்பதரைக்குப் பாரு என்று எழுதி அனுப்பினேன். வழி அனுப்பினேன். பலகைக் கல்லில் கிடந்த ஆட்டுப் புழுக்கைகளைச் செருப்பால் தள்ளினேன், பிறகு வேப்பங்கொத்து ஒடித்துப் பெருக்கினேன். அவள் சுடிதாரில் வருவாளா, சேலையிலா, சேலை என்றால் கல் சொரசொரப்பு இழுக்குமே என்று என் துண்டை விரித்தேன். துண்டு பழசு என்று தோன்றி மடித்து வைத்தேன். மறுபடி விரித்தேன்.

எட்டரை. மாப்பிள்ளை கூட இருப்பானே, அருண்சங்கர், நல்ல பையன் என்றுதான் வளர்மதி சொன்னாள், அவனை என்ன செய்வது, மலையேறி மேலே சமணர் குகையைப் பார்த்துட்டு வாங்க தம்பி என்று அனுப்பிவிடலாம், இளம் வயசு, போவான். எப்படி ஆரம்பிப்பது? தாரணி, உனக்குத் தெப்பக்குளம் ஞாபகம் இருக்கா என்று ஆரம்பிக்கலாம். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டால்? ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருக்கு என்று சொல்லிவிட்டால்? அது இன்னும் பயமாக இருந்தது. அவள் அழுதால் நான் என்ன செய்வேன், தோளைத் தொடலாமா, அவள் தோள் எந்த உயரத்தில் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, கடைசியாகப் பார்த்தது அவள் கல்லூரி முடித்த வருஷம், ஹோட்டலில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், எழுந்து நின்றபோது நான் பில்லுக்காகத் திரும்பியிருந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி போனில் பேசுவோம். சாப்டீங்களாப்பா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதோடு போனை வைத்துவிடுவோம். எட்டு நாற்பது. மலைக்கு அந்தப் பக்கம் ரோட்டில் லாரிகள் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து எழுந்து வண்டிப் பாதையைப் பார்த்தேன். வழி தெரியாமல் நரசிங்கம் கோயில் பக்கம் போய்விட்டார்களோ. அனுப்பிய படங்களில் நீலக் கோடு விழுந்திருந்தது, பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. காரில் சிக்னல் இருக்காது. அல்லது தூங்கியிருப்பாள், சின்ன வயசில் வண்டி கிளம்பியதும் தூங்கிவிடுவாள், அதற்காகவே ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவேன். எட்டு ஐம்பத்தைந்துக்குப் போன் வந்தது. எடுப்பதற்குள் நழுவிக் கல்லில் விழுந்தது, நல்லவேளை உடையவில்லை. "அப்பா, ஸ்பீக்கர்ல இருக்கீங்கப்பா. அருண் இருக்காங்க, அத்தை இருக்காங்க." "வணக்கம் மாமா." "வணக்கம் தம்பி, வாங்க, பாதை தெரியுதா, ஆர்ச்சுக்குள்ள திரும்பி..." "அப்பா, நாங்க மேலூர் தாண்டிட்டோம்பா." மேலூர் என்றால் ஒத்தக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், நான் பெருக்கிக்கொண்டிருந்தபோதோ துண்டை மடித்தபோதோ அந்தக் கார் மலைக்கு அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. "சாயங்காலம் மேக்கப்காரங்க ட்ரையலுக்கு வராங்கப்பா, அதுக்குள்ள போயாகணும். நீங்க அனுப்புன படத்தை அருண் ஆல்பம் எடிட்டருக்கு அனுப்பினாங்களா, ஆளே இல்லாம எடத்தை மட்டும் யாரு இவ்வளவு நல்லா எடுத்தாங்கன்னு கேக்குறார்ப்பா. இதுவே போதுமாம், எங்களை அங்க ஸ்டுடியோவுல எடுத்து இதுக்குள்ள வச்சிருவாராம். தெப்பக்குளம் படம், ரெண்டாவது." பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "வெயில்ல புள்ளைங்க அலைய வேண்டாம்னு நாந்தான் சொன்னேன் அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க." தப்பில்லை, தப்பில்லை என்றேன். "அப்ப இந்த எடம்? கடைசியா அனுப்பினேனே?" "அது கொஞ்சம் டல்லா இருக்குப்பா." ஒன்பதரைக்கு நன்றாக இருக்கும்மா என்றேன். காரின் ஓசை மட்டும் கேட்டது. "அப்பா, ஒண்ணே ஒண்ணு. அந்தத் தெப்பக்குளம் படத்துல உங்க நிழல் விழுந்திருக்கு. படிக்கட்டுல, நீளமா." எப்படி விட்டேன், முதுகில் சூரியனை வைத்துக்கொண்டு பேச்சியம்மாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எடுத்தது. அவமானமாக இருந்தாலும், அவளுக்கு என்னிடம் ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. "நாளைக்குக் காலைல போய் நிழல் இல்லாம எடுத்து அனுப்புறேம்மா. ஆறரைக்கே அனுப்பிருவேன்." "ஐயோ வேணாம்பா, நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க. நிழலை அவரே எடுத்துருவாராம். ரெண்டு நிமிஷ வேலைன்னு சொன்னார்." எவ்வளவு அன்பாகச் சொன்னாள். அந்தக் குரலில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. "சரிம்மா." "சாப்டீங்களாப்பா?" "சாப்ட்டேன்."

கிளம்பியிருக்கலாம். நாகேந்திரனுக்குப் பதினோரு மணிக்கு ஒரு ஜோடி இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். துண்டில் உட்காரவில்லை, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய், அழுதேன், கொஞ்ச நேரம், மூக்கைச் சிந்திக் கையைத் தரையில் துடைத்தேன். ஸ்பீக்கரில் போடாமல் பேசியிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். வண்டியை அங்கேயே ஓரமாக நிறுத்துங்கள், நான் அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், அது இப்போதுதான் தோன்றுகிறது, வாய்க்கு வர வேண்டிய எதுவும் எனக்கு நேரத்தில் வருவதில்லை. எங்கேயோ பள்ளிக்கூடத்து மணி அடித்தது. அடித்துச் சில நிமிஷத்தில் எதிர்ப்பாறையின் உச்சியில் ஒரு மஞ்சள் கீற்று விழுந்தது, மெதுவாக இறங்கியது, பாறை முழுக்கப் பரவியது, அதில் பட்டுத் திரும்பி இந்த மண் தரைக்கு வந்தது. நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. எழுந்து, அவளை நிற்க வைக்கலாம் என்று நினைத்த இடத்துக்குப் போய் நின்றேன். முகத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது, கண் கூசவில்லை. அங்கே நின்றுகொண்டு வாய்விட்டுச் சொன்னேன், தாரணி, நீங்க ஊரைவிட்டுப் போன அன்னிக்கு எனக்கு வேலை எதுவும் இல்லம்மா, சும்மாதான் குளத்துக்குப் போனேன், நீ போறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, வந்து நின்னுருக்கணும், உன்னை ஒரு படம் எடுத்துருக்கணும், பின்னாலயாச்சும் சென்னைக்கு வந்து கூட்டிட்டு வந்துருக்கணும், எல்லாம் என் தப்புதான், மன்னிச்சிரும்மா. மேலேயிருந்து ஆட்டுக்கார அம்மா குனிந்து பார்த்தார். "யாருகிட்டங்க பேசுறீங்க?" "எம் பொண்ணுகிட்ட." போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் நகர்ந்துவிட்டார். வாட்சைப் பார்த்தேன், ஒன்பது முப்பத்தாறு. வெளிச்சம் தரைக்கு வந்தபோது பார்த்தது ஒன்பது முப்பத்தைந்து. ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று விடிந்ததிலிருந்து ஊரெல்லாம் இடம் தேடி அலைந்தேன், சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்தான் ஆகியிருந்தது.